நாலாம் கோட்டு நண்டும் ஏழாம் கோட்டு ஆமையும்

நாணல் ஏரியில் ஒரு நண்டும் ஓர் ஆமையும் சேர்ந்து பள்ளிக்கூடம் நடத்தி வந்தன. நண்டின் பெயர் கடுக்கன். ஆமையின் பெயர் மத்தளம். சேர்ந்து நடத்தின என்று ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். உண்மையில் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காது. கரையில் இருந்த ஒரு பாறையின் இந்தப் பக்கம் நண்டு உட்காரும், அந்தப் பக்கம் ஆமை உட்காரும். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவை பாவம், பிள்ளைகள்தான்.

சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். கோட்டுக்காக!

நாணல் ஏரி மழைக்காலத்தில் கரை ததும்பக் கிடக்கும். கோடை வந்தால் வற்றிப்போகும். தென்மேற்கு மூலையில், மதகுக்குப் பக்கத்தில் ஒரு மடு மட்டும் மிஞ்சும். மற்றதெல்லாம் ஒரே பொட்டல். மரம் கிடையாது, மேடு கிடையாது, அடையாளம் சொல்ல ஒரு புதர்கூடக் கிடையாது. விளையாடப் போகும் தவளைக் குஞ்சுகளும் வாத்துக் குஞ்சுகளும் வீடு திரும்ப வழி தெரியாமல் திண்டாடும்.

“எங்கடி போய்த் தொலைஞ்சே?” என்று தாய்த் தவளை கேட்கும்.

“அந்த வெள்ளை மேகத்துக்கு நேர் கீழேதாம்மா இருந்தேன்! மேகம்தான் நகர்ந்து போயிடுச்சு!”

தாய்த் தவளை தலையில் அடித்துக்கொள்ளும். வேறு என்ன செய்யும்?

அந்த வருஷம் வடக்கே இருந்து ஒரு வரித்தலை வாத்து வந்து ஏரியில் தங்கியிருந்தது. இமயமலையையே தாண்டி வந்த பறவை அது. ஏரி வற்றத் தொடங்கியதும் ஊர் திரும்பக் கிளம்பியது. கிளம்பும் நேரத்தில் நண்டும் ஆமையும் போய்ப் பிடித்துக்கொண்டன.

“அக்கா, அவ்வளவு தூரம் வழி தப்பாமல் போறீங்களே, எங்க பிள்ளைங்க இந்த ஏரிக்குள்ளேயே தொலைஞ்சு போகுதுங்க. ஒரு உபாயம் சொல்லிட்டுப் போங்க!”

“அட, இது பெரிய விஷயமா?” என்றது வாத்து. “மனுஷங்க பூமியைப் படமா வரைஞ்சு அதுமேல கோடு போட்டு வெச்சிருக்காங்க. கிழக்கு மேற்காப் படுத்திருக்கறது அட்சக்கோடு. வடக்கு தெற்கா நிக்கறது தீர்க்கக்கோடு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண். அவங்க கோடெல்லாம் படத்துலதான் இருக்கும், மண்ணுல தேடினா கிடைக்காது. நீங்க சின்ன ஏரிக்காரங்க. மண்ணுலயும் போடுங்க, படத்துலயும் போடுங்க!”

“அப்புறம்?” என்றது நண்டு.

“அப்புறம்?” என்றது ஆமை.

“காத்து தோதா அடிக்குது. நான் வரேன்!” என்று வாத்து பறந்தே போய்விட்டது. எந்தக் கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற முக்கியமான பாடத்தைச் சொல்லாமலே போய்விட்டது.

நண்டு அன்றைக்கே வேலையைத் தொடங்கியது. நண்டுக்குப் பக்கவாட்டில்தானே நடக்க வரும்? வடக்கே பார்த்து நின்றுகொண்டு, மேற்கே இருந்து கிழக்கே நடந்தது. நடந்த வழியெல்லாம் ஈர மண்ணை உருட்டி உருட்டி வரிசையாக வைத்தது. அதுதான் அட்சக்கோடு. ஒன்று, இரண்டு, மூன்று என்று வடகரை வரைக்கும் வரிசை வரிசையாகப் போட்டு முடித்தது.

ஆமை நேராக நடக்கும். தெற்கே இருந்து வடக்கே வயிற்றைத் தேய்த்துக்கொண்டே போனது. போன இடமெல்லாம் பள்ளமாக ஒரு தடம் விழுந்தது. அதுதான் தீர்க்கக்கோடு. கிழக்குக் கரை வரைக்கும் அதுவும் போட்டு முடித்தது.

இரண்டுமே மதகில் இருந்துதான் எண்ணத் தொடங்கின. அங்கேதான் பூஜ்ஜியம். மதகில் இருந்து வடக்கே போகப் போக அட்சக்கோட்டின் எண் ஏறும். கிழக்கே போகப் போகத் தீர்க்கக்கோட்டின் எண் ஏறும். வடகிழக்குக் கரையில் ஒரு சப்பைப் பாறை இருந்தது. அதன்மேல் ஏரியைச் சின்னதாக வரைந்து, அதே கோடுகளைக் கீறி, அதே எண்களைப் போட்டன. மேலே வடக்கு, கீழே தெற்கு. அதுதான் ஏரியின் வரைபடம். அடேயப்பா! எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா?

இதோடு நின்றிருந்தால் கதையே இல்லை.

“நான் போட்ட அட்சக்கோடு இருக்கே, அதுதான் உசத்தி! ஆமை போட்டது சும்மா அலங்காரத்துக்கு!” என்றது நண்டு.

“அட்சக்கோடாம் அட்சக்கோடு! மண்ணை உருட்டி வெச்சா அது கோடா? ஊரைக் காட்டுறது என் தீர்க்கக்கோடுதான்!” என்றது ஆமை.

தனக்கு எப்படி நடக்க வருமோ, அதுதான் உலகத்திலேயே பெரிய வித்தை என்று இரண்டுக்கும் நினைப்பு. பேச்சு முற்றி, பள்ளிக்கூடம் இரண்டாகப் பிரிந்தது. தவளைக் குஞ்சுகள் எல்லாம் நண்டு வாத்தியாரிடம் போயின. வாத்துக் குஞ்சுகள் எல்லாம் ஆமை வாத்தியாரிடம் போயின. இங்கே தீர்க்கக்கோடு என்ற சொல்லே கூடாது. அங்கே அட்சக்கோடு என்று வாயைத் திறக்கக் கூடாது. மீறினால் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்! நடுவில் சேர்ந்த கொக்குக் குஞ்சு ஒன்றுக்கு மட்டும் அது தண்டனையாகவே தெரியவில்லை. நின்றபடியே தூங்கிவிட்டது.

சரி, பிள்ளைகளுக்கு இதனால் வழி தெரிந்ததா என்று கேட்பீர்கள். எங்கே தெரிந்தது! “மூணாம் அட்சக்கோட்டில் விளையாடுறேன்மா” என்று சொல்லிவிட்டுப் போன தவளைக் குஞ்சைத் தேடி, தாய்த் தவளை அந்தக் கரையில் இருந்து இந்தக் கரை வரை கோட்டோடு குதித்துக்கொண்டே போகும். கால் ஓய்ந்துபோய், “கோடு இல்லாதபோதே தேவலை!” என்று முணுமுணுக்கும். வாத்தியார்கள் காதில் அது ஏறினால்தானே?

இப்படி இருக்கும்போதுதான் ஆட்காட்டிக் குருவி அலமேலு ஏரிக்கு வந்தது.

ஆட்காட்டிகளுக்குக் கூடு கட்டுகிற வழக்கமே கிடையாது. வெட்டவெளித் தரையில், கூழாங்கல் நாலைச் சுற்றிப் போட்டு, நடுவில் முட்டையிட்டுவிடும். முட்டையும் புள்ளி புள்ளியாகக் கல்லைப் போலவே இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. அலமேலு ஏரியெல்லாம் சுற்றிப் பார்த்தது. ஓர் இடத்தில் ஆமையின் பள்ளமும் இருந்தது, நண்டின் மண் உருண்டைகளும் இருந்தன. உட்காரக் குழி, காற்றுக்கு மறைப்பு. வேறு என்ன வேண்டும்? அங்கேயே நாலு முட்டை இட்டது.

ஆட்காட்டிகளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. யாராவது முட்டைப் பக்கம் வந்தால், தாய்ப்பறவை எதிர்ப்பக்கம் ஓடும். சிறகு ஒடிந்தது போல இழுத்துக்கொண்டு, கத்திக் கூப்பாடு போட்டு, வந்தவரை வேறு இடத்துக்கு இழுத்துப் போய்விடும். நல்லவர் வந்தாலும் அப்படித்தான், கெட்டவர் வந்தாலும் அப்படித்தான். பயம் வந்துவிட்டால் அலமேலுவின் கால்கள் அலமேலுவின் பேச்சைக் கேட்காது.

அது அலமேலுவுக்கே தெரியும். அதனால் மனம் அமைதியாக இருந்த ஒரு காலையில் பாறைக்கு வந்தது.

“நண்டு வாத்தியாரே, என் முட்டை இருக்கற இடத்தைக் குறிச்சு வெச்சுக்குங்க. பயம் வந்தா நான் தப்புத் தப்பா இடம் காட்டிடுவேன். நாலாம் அட்சக்கோடு, ஏழாம் தீர்க்—”

“போதும்! போதும்! நாலாம் அட்சக்கோடு. அதுக்கு மேல என் பள்ளிக்கூடத்துல பேசப்படாது!”

அலமேலு அந்தப் பக்கம் போனது. “ஆமை வாத்தியாரே, ஏழாம் தீர்க்கக்கோடு, நாலாம் அட்—”

“ஏழாம் தீர்க்கக்கோடு! எழுதியாச்சு! அந்த இன்னொரு பேச்சை அங்கேயே வெச்சுட்டு வா!”

அலமேலு பெருமூச்சு விட்டு, முட்டைக்கே திரும்பிப் போய்விட்டது.

ஒரு நாள் வடகிழக்குக் கரையில் தூசி எழும்பியது. தரை அதிர்ந்தது. அடுத்த காட்டில் தண்ணீர் தீர்ந்துபோய், எருமைக் கூட்டம் ஒன்று நாணல் ஏரிக்கு வந்து நின்றது. கூட்டத்தின் தலைவி பெரியநாயகி. உடம்பும் பெரிசு, குரலும் பெரிசு, மனசும் பெரிசு.

“அதோ மடு! இறங்குங்கடி!” என்றது பெரியநாயகி.

“ஐயோ, நில்லுங்க! நில்லுங்க!” என்று பாறைமேல் இருந்த பிள்ளைகள் எல்லாம் கத்தின. “உள்ளே அலமேலு அத்தையோட முட்டை இருக்கு! மிதிச்சிடாதீங்க!”

பெரியநாயகி சட்டென்று நின்றது. “முட்டையா? நாங்களும் பிள்ளை பெத்தவங்கதான். எங்கே இருக்குன்னு சொல்லுங்க, விலகிப் போறோம். கரையைச் சுத்தலாம்னா ஒரே முள்ளுக்காடு. நடுவிலதான் போயாகணும். சீக்கிரம் சொல்லுங்க, கன்னுக்குட்டிங்க தாகத்துல நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது!”

அதற்குள் அலமேலு எருமைகளைப் பார்த்துவிட்டது. அத்தனை குளம்புகள்! பயம் தலைக்கேறிவிட்டது. முட்டையை விட்டு எழுந்து, மேற்கே வெகுதூரம் ஓடி, சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு கத்தியது. “இங்கே இருக்கு! இங்கே இருக்கு! என் முட்டை இங்கேதான் இருக்கு!”

“அங்கேதானா? அப்படின்னா இந்தப் பக்கமா இறங்கலாம்” என்று பெரியநாயகி காலைத் தூக்கியது.

“வேண்டாம்!” என்று நண்டு பாறைமேல் எகிறிக் குதித்தது. “அவ பயந்துட்டா! அவ காட்டுறதை நம்பாதீங்க! முட்டை நாலாம் அட்சக்கோட்டுல இருக்கு!”

பெரியநாயகி பாறையைக் குனிந்து பார்த்தது. “ஏன்யா, இந்த நாலாம் கோடு இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் போகுதே! இதைத் தாண்டாம மடுவுக்கு எப்படிப் போறது? எந்த இடத்துல தாண்டணும், அதைச் சொல்லு!”

நண்டு கொடுக்கால் கோட்டைத் தட்டியது. “அது… நாலாம் கோடு. அவ்வளவுதான்!”

“அந்த ஆளை விடுங்க!” என்றது ஆமை. “என்னைக் கேளுங்க. ஏழாம் தீர்க்கக்கோடு!”

“அதுவும் வடக்கே இருந்து தெற்கு வரைக்கும் போகுதே! அதையும் தாண்டித்தானே ஆகணும்? எந்த இடத்துல தாண்டறது?”

 ஆமையின் கழுத்து மெல்ல உள்ளே போனது.

பின்னால் இருந்த எருமைகள் முட்டித் தள்ளின. “என்னக்கா, தண்ணியை எதிரில வெச்சுக்கிட்டுப் பேச்சா?” என்று ஒன்று கத்தியது. பெரியநாயகியின் முன்கால்கள் கரையில் இருந்து வழுக்கத் தொடங்கின. “சீக்கிரம்! என்னால எவ்வளவு நேரம் தாங்க முடியும்?”

அப்போதும் வாத்தியார்களுக்கு வீம்பு விட்டதா? இல்லையே!

“இதோ பாருங்க, இந்தக் கோட்டுலதான் இருக்கு!” என்று நண்டு வரைபடத்தில் நாலாம் கோட்டின்மேல் கிடுகிடுவென்று பக்கவாட்டில் ஓடியது.

“இல்லை, இந்தக் கோட்டுலதான்!” என்று ஆமை ஏழாம் கோட்டின்மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தது. தன் வாழ்நாளில் அது அவ்வளவு வேகமாக நடந்ததே இல்லை.

டொக்!

இரண்டும் மோதிக்கொண்டன. நண்டின் ஓடும் ஆமையின் ஓடும் இடித்த சத்தம் கரையெல்லாம் கேட்டது.

“என் கோட்டை விட்டு இறங்குய்யா!”

“நீ இறங்கு! இது என் கோடு!”

பெரியநாயகி அவ்வளவு அவசரத்திலும் கடகடவென்று சிரித்துவிட்டது. “அட பைத்தியக்காரங்களா! யாரும் இறங்க வேண்டாம். அப்படியே நில்லுங்க! ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்னா, ரெண்டு பேரும் இப்ப எங்கே மோதிக்கிட்டு நிக்கிறீங்களோ, அங்கேதானே முட்டை இருக்கணும்?”

 நண்டு குனிந்து பார்த்தது. தன் கோடு. ஆமையின் கோடு. இரண்டும் சந்திக்கும் ஒரே ஒரு புள்ளி. ஆமையும் பார்த்தது. இரண்டுக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

“கேட்டுக்குங்கடி!” என்று பெரியநாயகி கூட்டத்துக்குக் குரல் கொடுத்தது. “பத்தாவது பள்ளத்தோட ஒட்டித் தெற்கே போறோம். நாலாவது மண் வரிசையைத் தாண்டிக் கீழே இறங்கறோம். ரெண்டாவது வரிசை வந்ததும் மேற்கே திரும்பி மடுவுக்குப் போறோம். நாலும் ஏழும் சேர்ற இடத்துப் பக்கம் ஒருத்தியும் போகக் கூடாது!”

எருமைகள் வரிசையாக இறங்கின. பத்தாம் பள்ளத்தோடு ஒழுங்காகப் போயின. நாலாம் வரிசையைத் தாண்டின. பிள்ளைகள் பாறைமேல் நின்று கை கொட்டின.

கடைசியில் வந்தது ஒரு கன்றுக்குட்டி. நாலாம் வரிசையைத் தாண்டப் போனபோது, தூரத்தில் அலமேலு சிறகை இழுத்துக்கொண்டு கத்துவது அதன் கண்ணில் பட்டது. “ஐயையோ, குருவி அத்தைக்கு அடிபட்டிருச்சு போல!” என்று அதன் மனசு இளகிவிட்டது. கூட்டத்தை விட்டு விலகி, மண் உருண்டை வரிசையோடு நேராக மேற்கே ஓடியது.

“வாத்தியாரே! கன்னுக்குட்டி நாலாம் கோட்டுல ஓடுது!” என்று தவளைக் குஞ்சுகள் அலறின.

நண்டுக்கு உயிரே போய்விட்டது. “டேய், எந்தத் தீர்க்கக்கோட்டுல இருக்கான்? தீர்க்கக்கோட்டைச் சொல்லுங்கடா யாராவது!”

நண்டின் வாயில் இருந்தா அந்தச் சொல் வந்தது? பிள்ளைகளுக்கு நம்ப முடியவில்லை. ஆனால் வாத்துக் குஞ்சுகள் அதற்காக நின்று வேடிக்கை பார்க்கவில்லை. “ஒன்பது தாண்டிட்டான்! எட்டு வரப்போறான்!”

“அட்சக்கோடு மாறிட்டானா? தவளைப் பிள்ளைங்களா, சொல்லுங்கம்மா!” என்று ஆமை கழுத்தை முழுசாக நீட்டிக் கேட்டது.

“இல்லை தாத்தா, நாலேதான்! நாலேதான்!”

“எட்டும் தாண்டிட்டான்!”

“நாலுதான்!”

“ஏழு வந்துட்டான்!”

“நில்லுடா!” என்று நண்டும் ஆமையும் தவளையும் வாத்தும் ஒரே குரலில் கத்தின.

கன்றுக்குட்டி திடுக்கிட்டு நின்றது. தூக்கிய முன்கால் தூக்கியபடியே நின்றது. மெல்லக் குனிந்து பார்த்தது. காலுக்கு நேர் கீழே கொஞ்சம் கூழாங்கற்கள். அவற்றின் நடுவில் புள்ளி புள்ளியாக நாலு. தொட்டுப் பார்க்காமலே அவை கல் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

“அடியம்மா!” என்று மூச்சை விட்டது கன்றுக்குட்டி. காலைப் பின்னால் எடுத்து வைத்து, சுற்றிக்கொண்டு அம்மாவிடம் ஓடியது.

அலமேலு பறந்து வந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தது. ஒவ்வொன்றாக அலகால் தொட்டுப் பார்த்தது. நாலும் இருந்தன. ஓர் ஓடுகூடக் கீறவில்லை. அது அழுதுவிட்டது. அழுதுகொண்டே சிரித்தது. மடுவில் எருமைகள் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

 பாறைமேல் நண்டு ஆமையின் பக்கம் மெல்ல நகர்ந்து வந்தது. பக்கவாட்டில்தான், வேறெப்படி வரும்?

“மத்தளம், அந்தப் பிஞ்சு முட்டைக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? அவ ஏழுன்னு சொல்ல வந்தப்ப வாயை அடைச்சவன் நான்.”

“நான் மட்டும் என்ன? அவ நாலுன்னு சொல்லத்தான் வந்தா. நான்தான் காதைப் பொத்திக்கிட்டேன்” என்றது ஆமை. “சரி விடு. உன் ஓடு ரொம்பக் கெட்டி. எனக்கு இன்னும் வலிக்குது.”

மறுநாள் முதல் பாறையில் ஒரே பள்ளிக்கூடம்தான். நண்டு அட்சக்கோட்டைச் சொல்லும், ஆமை உடனே தீர்க்கக்கோட்டைச் சொல்லும், பிள்ளைகள் ஓடிப்போய் அந்த இடத்தில் நிற்கும். தவளைக் குஞ்சு “மூணாம் அட்சக்கோடு, அஞ்சாம் தீர்க்கக்கோட்டில் விளையாடுறேன்மா” என்று சொல்லிவிட்டுப் போகும். தாய்த் தவளை நேரே அங்கே போய்க் காதைப் பிடித்து இழுத்து வரும். பிள்ளைகளுக்கு அதில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அலமேலு பாறைக்கு ஓடி வந்தது. “வாங்க! எல்லாரும் வாங்க! நாலாம் அட்சக்கோடு, ஏழாம் தீர்க்கக்கோட்டுக்கு வாங்க!” என்று ஒரே மூச்சில் சொன்னது. இந்தத் தடவை அதன் பேச்சை யாரும் நடுவில் வெட்டவில்லை. நண்டு தன் கோட்டோடு போனது, ஆமை தன் கோட்டோடு போனது. இரண்டும் போய்ச் சேர்ந்த இடத்தில் நாலு குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு, நெட்டைக் கால்களில் தள்ளாடி எழுந்து நின்றன.

தனக்குத் தெரிந்த பாதியே முழுசு என்று பிடிவாதம் பிடிப்பவர் இடம் தெரியாமல் திண்டாடுவார். அடுத்தவருக்குத் தெரிந்த பாதியையும் கேட்டுச் சேர்த்துக்கொள்பவரே சரியான இடத்தைச் சென்று சேர்வார்.